பழைய ஃபோர்டு எண்டெவர் வாங்கலாமா? என்னென்ன ரிப்பேர் வரும், மாசம் எவ்வளவு செலவாகும்?

பழைய கார் விற்கும் ஆப் எதையாவது திறந்து, பட்ஜெட்டை 15 முதல் 20 லட்சம் என்று வைத்துப் பாருங்கள். ஒரு புது காம்பாக்ட் எஸ்யூவியின் டாப் மாடலுக்கு ஆன்ரோடு கொடுக்கும் அதே பணத்துக்கு, ஏழு பேர் உட்காரக்கூடிய, தெருவில் வந்தாலே நாலு பேர் திரும்பிப் பார்க்கிற ஃபோர்டு எண்டெவர் கிடைக்கும். பெங்களூரு, ஹைதராபாத், குருகிராம் என்று வேலை பார்க்கும் இளைஞர்கள் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். வீட்டில் "கம்பெனியே ஊரைவிட்டுப் போயிடுச்சு, அந்த வண்டி எதுக்கு?" என்பார்கள். நண்பர்களோ "டேய், இந்த வண்டி இனிமே வராதுடா" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

வாங்கும் விலை மட்டும் குறைந்திருக்கிறது, வைத்திருக்கும் செலவு குறையவில்லை என்பதுதான் இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது. 30 லட்ச ரூபாய் வண்டி பாதி விலைக்கு வந்தாலும் அதன் டயர், இன்ஜெக்டர், ஹெட்லைட் எல்லாம் 30 லட்ச ரூபாய் வண்டிக்கான விலையில்தான் இருக்கும்.

எந்த எண்டெவரைப் பற்றிப் பேசுகிறோம்?

எண்டெவர் என்ற பெயர் இந்தியாவில் 2003 முதல் இருக்கிறது. ஆனால் இன்று சந்தையில் அதிகம் தேடப்படுவது 2016 ஜனவரியில் அறிமுகமான தலைமுறை. செங்கல்பட்டு பக்கம் மறைமலைநகர் ஆலையில் தயாரான வண்டி இது. 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்ததோடு இதன் கதையும் முடிந்தது.

இந்தத் தலைமுறையில் மூன்று டீசல் இன்ஜின்கள் உண்டு. 2.2 லிட்டர், நாலு சிலிண்டர், 160 பிஎஸ் சக்தி, 3.2 லிட்டர், ஐந்து சிலிண்டர், 200 பிஎஸ்; 2020 பிப்ரவரியில் பிஎஸ்-6 விதிகளுக்காக வந்த 2.0 லிட்டர், 170 பிஎஸ். முதல் இரண்டுக்கும் ஆறு ஸ்பீடு ஆட்டோமேட்டிக். 2.2-இல் மேனுவலும் உண்டு. 2.0 லிட்டருக்கு பத்து ஸ்பீடு ஆட்டோமேட்டிக். அப்போது அறிமுக விலையே எக்ஸ் ஷோரூம் 29.55 லட்சத்தில்தான் ஆரம்பித்தது.

இதற்கு முந்தைய, பெட்டி மாதிரி இருக்கும் பழைய எண்டெவர் 5, 6 லட்சத்துக்கு வருகிறதே என்று ஆசைப்படுபவர்களுக்கு ஒரு விஷயம். 2004 பிப்ரவரி முதல் 2014 செப்டம்பர் வரை தயாரான 22,690 எண்டெவர்களை முன்பக்க ஏர்பேக் இன்ஃப்ளேட்டரைச் சரிபார்க்க 2019-இல் ஃபோர்டு திரும்ப அழைத்தது. நீங்கள் பார்க்கும் வண்டியில் அந்த வேலை முடிந்ததா என்று சேஸிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஏர்பேக் விஷயத்தில் 'பார்த்துக்கலாம்' வேண்டாம்.

இன்ஜின்: பணம் போவது எங்கே?

2.2, 3.2 இரண்டும் ஒரே குடும்பத்து இன்ஜின்கள். இதே இன்ஜின்கள் ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்பிலும், வெளிநாடுகளில் எவரெஸ்ட் என்ற பெயரில் விற்ற எண்டெவரிலும் ஆஸ்திரேலியா, தாய்லாந்து, தென்னாப்பிரிக்கா என்று லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியிருக்கின்றன. அதனால் எது எப்போது போகும் என்பது ஓரளவு தெரிந்த கதைதான்.

முதல் சந்தேக நபர் ஈஜிஆர் கூலர். இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே அனுப்புவதற்கு முன், அதைக் கூலன்ட் தண்ணீரால் குளிர்விக்கும் பாகம் இது. ஒரு பக்கம் கொதிக்கும் புகை, மறுபக்கம் கூலன்ட்; வருஷக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி உள்ளே விரிசல் விடும். வெளியே தரையில் ஒரு சொட்டு ஒழுகாது, ஆனால் கூலன்ட் டேங்கில் அளவு மட்டும் குறைந்துகொண்டே வரும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வரலாம். கவனிக்காமல் விட்டால் ஓவர்ஹீட், சிலிண்டர் ஹெட் வேலை என்று போகும். இன்னும் மோசமாக, கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கினால் இன்ஜினே போய்விடும். எனவே விற்பவர் "கொஞ்சம் கூலன்ட் டாப்-அப் பண்ணணும், அவ்ளோதான்" என்று சொன்னால், அந்த 'அவ்ளோதான்' எவ்வளவு என்று நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

ஈஜிஆர் வால்வில் கரி அடைத்துக்கொள்வது இதைவிடச் சின்னப் பிரச்னை. நகர டிராஃபிக்கிலேயே ஓடிய வண்டிகளில் அதிகம். ஐடிலில் நடுக்கம், பிக்கப் மந்தம், செக் இன்ஜின் விளக்கு என்று காட்டும். கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகும்.

அடுத்தது பலருக்குத் தெரியாத, ஆனால் இந்த இன்ஜின்களில் உயிர் போகும் விஷயம்: ஆயில் மாற்றும் முறை. வழக்கமாக மெக்கானிக் என்ன செய்வார்? டிரெய்ன் நட்டைக் கழற்றி, "முழுசா வடியட்டும்" என்று விட்டுவிட்டு டீ குடிக்கப் போவார். மாருதிக்கு அது நல்ல பழக்கம். இந்த இன்ஜின்களில் அதிக நேரம் வடிய விட்டால், ஆயில் பம்புக்குள் இருக்கும் ஆயிலும் இறங்கி, பம்ப் காற்றைப் பிடித்துக்கொள்ளும். புது ஆயிலை ஊற்றி ஸ்டார்ட் செய்தால் பம்ப் ஆயிலை இழுக்காது. பிரஷர் இல்லாமல் ஓடும் இன்ஜினில் பேரிங்கும் டர்போவும் சில நிமிடங்களில் கெட்டுவிடும். சுமார் 10 நிமிடத்துக்குள் புது ஆயிலை ஊற்றிவிட வேண்டும் என்பது ஃபோர்டு மெக்கானிக்குகள் கடைப்பிடிக்கும் விதி. உங்கள் மெக்கானிக்கிடம் சும்மா பேச்சுவாக்கில் இதைக் கேட்டுப் பாருங்கள். தெரியாது என்றால், வண்டியை அவரிடம் விடாதீர்கள். 3.2-க்கு ஒருமுறை ஆயில் மாற்ற ஏறக்குறைய 10 லிட்டர் வேண்டும், அதாவது ஒரு சின்ன ஹேட்ச்பேக்குக்கு ஆவதைப்போல ரெண்டரை மடங்குக்கு மேல்.

இன்ஜெக்டர் இன்னொரு பெரிய செலவு. 3.2-இல் ஐந்து சிலிண்டர் என்றால் ஐந்து இன்ஜெக்டர். கலப்பட டீசல், தண்ணீர் கலந்த டீசல், மாற்றாமல் விட்ட ஃபில்டர் எல்லாம் இங்கேதான் வந்து விடியும். ஒன்று போனாலே பல ஆயிரம்; மாற்றிய பிறகு அதன் கோடை கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் முடியாத வேலை. காலை ஸ்டார்ட்டிங் இழுப்பது, ஐடிலில் 'டக் டக்' சத்தம், கறுப்புப் புகை, மைலேஜ் குறைவது ஆகியவை இதன் அறிகுறிகள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று இழுவை குறைந்து, விசில் மாதிரி சத்தமும் கறுப்புப் புகையும் வந்தால் உடனே "டர்போ போச்சு" என்று சொல்லி ஒரு லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட் போடுபவர்கள் இருக்கிறார்கள். பல நேரங்களில் டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே போகும் ரப்பர் ஹோஸ் கிழிந்திருக்கும், கிளாம்ப் கழன்றிருக்கும். அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

2020-க்குப் பிறகு வந்த 2.0 லிட்டர் வேறு ரகம். இதன் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள் நனைந்தபடி ஓடுவது. தவறான தரத்து ஆயில் ஊற்றினாலோ, ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டாலோ பெல்ட்டின் ரப்பர் உதிர்ந்து ஆயில் போகும் பாதையை அடைக்கும். அதனால் 2.0 வாங்குபவர்கள் சர்வீஸ் பில்லில் பார்க்க வேண்டியது தேதியையும் கிலோமீட்டரையும் மட்டுமல்ல, என்ன ஆயில் ஊற்றினார்கள் என்பதையும்தான். அதோடு பிஎஸ்-6 டீசல் என்பதால் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் டிபிஎஃப் உண்டு. தினமும் நாலு கிலோமீட்டர் ஆபீஸ், நாலு கிலோமீட்டர் வீடு என்று ஓட்டினால் அது எரிக்கத் தேவையான சூடே வராது, அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறையாவது ஹைவேயில் அரை மணி நேரம் நிதானமான வேகத்தில் ஓட்ட வாய்ப்பில்லாதவர்களுக்கு எந்த பிஎஸ்-6 டீசல் எஸ்யூவியும் சரிவராது, எண்டெவரும்தான்.

என்னைக் கேட்டால், கவனமாகப் பராமரித்த 3.2-தான் இதில் நிம்மதியானது. இன்ஜின் அவசரப்படாமல் இழுக்கும், பழக்கமான மெக்கானிக்குகளும் கிடைப்பார்கள். டீசல் குடிக்கும், அதை ஒத்துக்கொண்டுதான் வாங்க வேண்டும்.

கியர்பாக்ஸில் 'ரோஸ்மில்க்'

ஆறு ஸ்பீடு ஆட்டோமேட்டிக் அடிப்படையில் உறுதியான பெட்டி. அதன் எதிரி, கியர் ஆயிலைக் குளிர்விக்கும் சின்ன கூலர். அதற்குள் ஒரு பக்கம் கியர் ஆயில், மறுபக்கம் இன்ஜின் கூலன்ட். நடுச்சுவர் விட்டுப்போனால் இரண்டும் கலந்துவிடும். சிவப்பு கியர் ஆயில் ரோஸ்மில்க் நிறத்துக்கு மாறும். அந்த நிறத்தைப் பார்த்துவிட்டால் அந்த வண்டியைப் பற்றிப் பேச வேறெதுவும் இல்லை. கியர்பாக்ஸைப் பிரித்து வேலை செய்வது லட்சங்களில் போகும்.

'ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம்' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நம்ம ஊர் வெயிலும் டிராஃபிக்கும் சேர்ந்தால் அந்த ஆயுசு குறுகிவிடும். 60,000 முதல் 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியிருந்தால் அந்த ஓனர் விவரமானவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் தொட்டதே இல்லை என்றால், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். டெஸ்ட் டிரைவில் பார்க்கிலிருந்து டிரைவ், டிரைவிலிருந்து ரிவர்ஸ் மாற்றும்போது பின்னாலிருந்து யாரோ இடித்த மாதிரி குலுங்கினாலும், இரண்டாம், மூன்றாம் கியருக்கு நடுவே தயங்கினாலும் கவனியுங்கள்.

4x4 மாடல் என்றால், லோ ரேஞ்சை நியூட்ரலில் போட்டுப் பாருங்கள். பல ஓனர்கள் வாங்கியதிலிருந்து ஒருமுறைகூட அந்த பட்டனைத் தொட்டிருக்க மாட்டார்கள். பயன்படுத்தாமலே மோட்டார் இறுகிப்போயிருக்கும். மலையேறவோ, சேற்றில் போகவோ திட்டம் இல்லையென்றால் 4x2 போதும். ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ், ஒரு முன் டிஃபரன்ஷியல், இரண்டு ஆக்ஸில் என்று கெட்டுப்போக நாலு பாகம் குறைவு.

ஸ்டியரிங், சஸ்பென்ஷன், டயர்

ஃபார்ச்சூனரில் ஹைட்ராலிக் ஸ்டியரிங், எண்டெவரில் எலெக்ட்ரிக். பார்க்கிங்கில் ஒரு விரலால் திருப்பலாம் என்பது சுகம். ஆனால் பிரச்னை வந்தால் மோட்டாரோடு சேர்த்து முழு ரேக்கையும் மாற்றச் சொல்வார்கள், அது ஒரு பெரிய பில். ஸ்டியரிங் எச்சரிக்கை விளக்கு ஒருமுறை வந்து போயிருந்தாலும் ஸ்கேன் செய்யாமல் வாங்காதீர்கள்.

முன்பக்க லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், லிங்க் ராடு எல்லாம் நம் ரோடுகளுக்கு 60,000, 70,000 கிலோமீட்டரில் தேய்வது சகஜம். சுமார் இரண்டேகால் டன் எடையுள்ள வண்டியிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? ஸ்பீட் பிரேக்கரில் 'டொக்' என்ற சத்தம் கேட்டால் அதுதான். பயப்பட வேண்டிய ரிப்பேர் இல்லை, பேரம் பேச வேண்டிய ரிப்பேர்.

டயர் அளவு 265/60 ஆர்18. நான்கும் மாற்றினால் அரை லட்சத்தைத் தாண்டும். விற்பனைக்கு வரும் பல வண்டிகளில் டயர் தேய்ந்தேதான் இருக்கும், அடுத்த ஓனர் தலையில் கட்டிவிடலாம் என்ற நினைப்பு. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு எண் தயாரான வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. பள்ளம் நன்றாக இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டியிருந்தால் மாற்ற வேண்டிய டயர் என்றே கணக்கு வையுங்கள்.

பார்ட்ஸ் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் எது, எப்போது என்பதில்தான் விஷயம். தயாரிப்பை நிறுத்தினாலும் சர்வீஸும் பார்ட்ஸும் தொடரும் என்று ஃபோர்டு சொன்னது. சர்வீஸ் சென்டர்களும் இயங்குகின்றன, எண்ணிக்கை குறைந்திருந்தாலும். ஃபில்டர், பிரேக் பேட், புஷ் மாதிரி அடிக்கடி தேவைப்படும் பொருட்களுக்குப் பெரிய கஷ்டம் இல்லை. தாய்லாந்தில் எவரெஸ்டும் ரேஞ்சரும் தயாராவதால் இன்ஜின் பாகங்கள் அங்கிருந்தும் வரவழைக்கப்படுகின்றன.

கஷ்டம் பாடி பார்ட்ஸில்தான். ஹெட்லைட், பம்பர், ஃபெண்டர், டெயில்கேட், கண்ணாடி. ஒரு சின்ன மோதலுக்குப் பிறகு ஒரு ஹெட்லைட்டுக்காக வாரக்கணக்கில் வண்டி ஷெட்டில் நிற்கலாம். அதனால்தான் டெல்லி காஷ்மீரி கேட், சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் உடைத்த வண்டிகளிலிருந்து வரும் பார்ட்ஸுக்குக் கிராக்கி. உங்களிடம் இருப்பது இந்த ஒரே வண்டி, தினமும் அதில்தான் ஆபீஸ் என்றால் இந்தக் காத்திருப்பை விலையாகவே எண்ணிப் பாருங்கள்.

"ஃபோர்டு திரும்பி வருதாமே?" என்பது அடுத்த கேள்வி. 2025 அக்டோபர் இறுதியில் மறைமலைநகர் ஆலையில் இன்ஜின் தயாரிக்க 3,250 கோடி ரூபாய் முதலீடு செய்ய தமிழக அரசுடன் ஃபோர்டு ஒப்பந்தம் போட்டது. உற்பத்தி 2029-இல் தொடங்கும் என்பது திட்டம். அது ஏற்றுமதிக்கான இன்ஜின் பற்றிய அறிவிப்பு. இந்தியாவில் மறுபடி கார் விற்கப்போகிறோம் என்ற அறிவிப்பு அல்ல. 'கம்பெனி வரப்போகுது சார், ரீசேல் ஏறும்' என்று விற்பவர் சொன்னால் சிரித்துக்கொண்டே அடுத்த விஷயத்துக்குப் போய்விடலாம்.

மாசக் கணக்கு போட்டால் எவ்வளவு?

வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், நகரமும் ஹைவேயும் கலந்து லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டீசலைக் கணக்குக்காக 90 ரூபாய் என்று எடுத்தால் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய். மாசம் 10,000. 80 லிட்டர் டேங்கை முழுசாக நிரப்பினால் ஒரே பில் 7,200 ரூபாய் என்பதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வது நல்லது.

வழக்கமான சர்வீஸ், ஆயில், ஃபில்டர், பிரேக் பேட் எல்லாம் சராசரியாக வருஷம் 25,000. டயர் செட்டை 70,000 என்றும் 45,000 கிலோமீட்டர் வரும் என்றும் வைத்தால், வருஷத்துக்கு அதன் பங்கு கிட்டத்தட்ட 19,000. முழு இன்ஷூரன்ஸ் 40,000 என்று எடுப்போம், இது கம்பெனி, வண்டியின் மதிப்பு, போனஸைப் பொறுத்து ஏறி இறங்கும். கூட்டினால் 2,04,000. அதாவது எதுவுமே கெட்டுப்போகாத வருஷத்தில் மாசம் 17,000.

எதுவும் கெட்டுப்போகாத வருஷம் என்று ஒன்று எட்டு வயது எஸ்யூவிக்குக் கிடையாது. மேலே சொன்ன ஈஜிஆர் கூலர், இன்ஜெக்டர், சஸ்பென்ஷன் வகையறாவுக்காக வருஷம் 60,000 ஒதுக்குங்கள். மாசம் 22,000 ஆகிவிட்டது. இன்னும் இஎம்ஐ வரவில்லை. 12 லட்சம் கடன், 12% வட்டி, 5 வருஷம் என்றால் மாசம் சுமார் 26,700; மொத்தத்தில் கட்டுவது 16 லட்சம். இரண்டும் சேர்ந்தால் மாசம் 48,000-க்கு மேல். இந்தத் தொகையைக் கேட்டதும் நெஞ்சு பக்கென்றால், வண்டி உங்கள் சம்பளத்துக்குப் பெரியது. கடன் இல்லாமல் வாங்க முடிகிறவர்களுக்குத்தான் பழைய பெரிய எஸ்யூவி கணக்கு ஓரளவாவது ஒத்துவரும்.

வாங்கிய முதல் வருஷத்துக்குத் தனியாக ஒரு லட்சம் கையில் வைத்திருங்கள். எல்லா ஆயிலும், கூலன்ட்டும், பேட்டரியும், தேய்ந்த புஷ்ஷும் ஒரே மூச்சில் மாற்றி வண்டியை உங்கள் நிலைக்குக் கொண்டுவர அது தேவைப்படும்.

இன்ஷூரன்ஸில் கவனிக்காமல் விடுவது

1,500 சிசி-க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம், 2022-இல் அறிவித்த விகிதப்படி வருஷத்துக்கு 7,897 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இது எல்லா கம்பெனியிலும் ஒன்றுதான். வித்தியாசம் உங்கள் வண்டிக்கான பகுதியில் வருகிறது.

வண்டி ஐந்து வயதைத் தாண்டிவிட்டால் ஜீரோ டெப்ரிசியேஷன் கவர் கிடைப்பது கடினமாகிறது. அது இல்லாமல் கிளெய்ம் செய்தால், ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களில் பாதி விலை உங்கள் கையிலிருந்து. 5 முதல் 10 வயது வண்டிக்கு உலோக பாகங்களில் 40%, 10 வயதைத் தாண்டினால் 50% கழிப்பார்கள். கண்ணாடிக்கு மட்டும் கழிப்பு இல்லை. எண்டெவரின் முன்பக்கம் முழுக்க பம்பர், கிரில், ஹெட்லைட் என்று பிளாஸ்டிக்தானே? ஆக, இன்ஷூரன்ஸ் இருந்தும் பாதி பில் நம்முடையது.

வெள்ளத்துக்கு வருவோம். 800 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் போகலாம் என்று கம்பெனி சொன்ன வண்டி இது. அந்த தைரியத்திலேயே தண்ணீரில் இறக்கியவர்கள் உண்டு. இன்ஜினுக்குள் தண்ணீர் போய் கெட்டால் சாதாரண பாலிசி கொடுக்காது, இன்ஜின் புரொடக்ட் என்ற கூடுதல் கவர் வேண்டும். அதேபோல 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 மிக்ஜாம் புயல் போன்ற சமயங்களில் மூழ்கி, 'டோட்டல் லாஸ்' ஆகி, ஏலத்தில் போய், வேறு ஊரில் பளபளவென்று திரும்பி வரும் வண்டிகள் எந்த மாடலிலும் இருக்கலாம். சீட்டை முன்னால் தள்ளி அதன் தண்டவாளத்தில் துருவைப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பேர் வீலையும், அது இருக்கும் இடத்தையும் கூடப் பார்த்துவிடுங்கள். உள்ளே வாசனை ஸ்ப்ரே தூக்கலாக இருந்தால் சந்தேகமும் தூக்கலாக இருக்கட்டும்.

டெல்லி வண்டி ஏன் இவ்வளவு மலிவு?

டெல்லி பதிவெண் கொண்ட 2016, 2017 எண்டெவர்கள் மற்ற ஊர்களைவிடக் குறைந்த விலைக்கு வருவதற்குக் காரணம் மெக்கானிக்கல் அல்ல. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-இலும், உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலும் பிறப்பித்த உத்தரவுகளால் தலைநகர் பகுதியில் 10 வயதைத் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்ற நிலை வந்தது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அத்தகைய வண்டி ஓனர்கள் மீது வயதை மட்டும் காரணம் காட்டிக் கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்றது. அதே டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பிஎஸ்-4 மற்றும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கு மட்டும்தான் என்று திருத்தியது. 2016 எண்டெவர் பிஎஸ்-4 வகை. ஆனால் உத்தரவு இப்படி மாறி மாறி வந்தால் ஓனருக்கு எங்கே தூக்கம் வரும்? விற்றுவிடலாம் என்று நினைக்கிறார்கள், விலை இறங்குகிறது.

அதை வாங்கி வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோவதில் தப்பில்லை. பதிவு செய்த ஆர்டிஓவிலிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம், அங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது காருக்கு ஆயுட்கால வரி 20%. பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும் என்றாலும், லட்சக்கணக்கில் வரும். முதல் மாநிலத்தில் மீதிக் காலத்துக்கான வரியைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அந்த அலைச்சலுக்குத் தனியாக லீவு போட வேண்டியிருக்கும். டெல்லியில் மூன்று லட்சம் மலிவு என்று பாய்வதற்கு முன் உங்கள் ஆர்டிஓவில் வரி எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். பல நேரம் லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

அப்போ ஃபார்ச்சூனரே வாங்கிடலாமா?

பணம் இருந்தால் அது எளிமையான முடிவுதான். சர்வீஸ், பார்ட்ஸ், ரீசேல் மூன்றிலும் கவலை குறைவு. அந்த நிம்மதிக்கான விலையை வாங்கும்போதே கொடுத்துவிடுகிறீர்கள். 2009 முதல் 2016 வரை வந்த 3.0 லிட்டர் ஃபார்ச்சூனரில் மட்டும் இரண்டு விஷயம் பாருங்கள்: டைமிங் பெல்ட் மாற்றியதற்கான பில், இன்ஜெக்டர் சீல் மாற்றியதற்கான பில். சீல் கசிந்தால் கரி ஆயிலில் கலந்து, ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். 2016 நவம்பருக்குப் பிறகான 2.8-இல் பெல்ட் கிடையாது, செயின்தான்.

பேரம் பேசுபவர்களுக்கு ஒரு துருப்புச் சீட்டு: 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்யூவிகளுக்கு வரி, செஸ்ஸோடு 50% வரை இருந்தது, 40% ஆகிவிட்டது. புது வண்டி விலை இறங்கியபோது பழைய வண்டி விலையும் இறங்க வேண்டும் அல்லவா? பல விற்பனையாளர்கள் பழைய விலையைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பார்க்கப் போகும் நாளில்

வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போங்கள். பானெட்டில் கை வைத்ததும் சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினில் தெரியும் ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள். ஸ்டார்ட் ஆனதும் புகையைப் பாருங்கள்: கறுப்பு என்றால் எரிபொருள், நீலம் என்றால் ஆயில், நிற்காத வெள்ளை என்றால் கூலன்ட் சந்தேகம். ஆயில் மூடியைத் திறந்தால் ரயில் இன்ஜின் மாதிரி புகை அடிக்கக் கூடாது. பனோரமிக் சன்ரூஃப் இருந்தால் கூரைத் துணியின் மூலைகளில் நீர்க்கறை தேடுங்கள், வடிகால் குழாய் அடைத்தால் மழைநீர் உள்ளேதான் இறங்கும்.

ஓபிடி அடாப்டர் ஒன்று வாங்கி, ஃபோர்டுக்கென்றே இருக்கும் ஃபோர்ஸ்கேன் ஆப்பில் எல்லா மாட்யூல்களின் எரர் கோடுகளையும் படிக்கலாம். முந்தின நாள்தான் எல்லா கோடும் அழிக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால் அதுவும் ஒரு பதில்தான். ஓடோமீட்டரில் 60,000 என்று காட்டி, பிரேக் பெடல் ரப்பர் வழுக்கையாகவும் டிரைவர் சீட்டின் ஓரம் கிழிந்தும் இருந்தால் எதை நம்புவது என்று உங்களுக்கே தெரியும். சர்வீஸ் சென்டர் ஹிஸ்டரியில் கிலோமீட்டர் வரிசையாக ஏறுகிறதா என்று சரிபாருங்கள். இரண்டு மணி நேரம் ஃபோர்டு தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போக நாலாயிரம், ஐயாயிரம் கேட்டாலும் கொடுங்கள்.

பேப்பர் வேலையில், வாகன் தளத்தில் கடன் பதிவு, நிலுவை சலான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடன் முடிந்திருந்தால் வங்கியின் சான்றோடு படிவம் 35 வேண்டும். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கியதோடு நிற்காமல் 30 நாளுக்குள் ஆர்சி-யை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் மாற்றக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபர் கவர் தானாக உங்களுக்கு வரும், ஆனால் உங்கள் வண்டிக்கான கவர் வராது. பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவருடையது, அது வண்டியோடு வராது என்பதால் பிரீமியத்தில் வித்தியாசம் கட்டச் சொல்வார்கள். சாவியை வாங்கும்போது இரண்டாவது சாவியையும் கேட்டு வாங்குங்கள், பழைய ஃபாஸ்டேக்கை அவர் முன்னாலேயே குளோஸ் செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் உங்கள் பேரில் புது டேக் ஆக்டிவேட் ஆகாமல் முதல் டோல்கேட்டிலேயே நிற்க வேண்டியிருக்கும்.